ஒரு பிள்ளை எத்தனை பேருக்குச் சாட்சி சொல்லும்?

‘பெர்செபோலிஸ்’ படத்தை எங்கள் பக்கம் எவருக்குப் போட்டுக் காட்டினாலும் கடைசியில் வாக்குவாதம் வருகிறது. வரட்டும் என்பதுதான் என் கட்சி. கையால் வரைந்த ஒரு படம் வளர்ந்தவர்களை இந்தளவு சூடாகப் பேசவைப்பது நல்ல சகுனம். ஆனால் அந்த வாக்குவாதத்தை எங்கே கொண்டுபோய் முடிக்கிறோம் என்பதில் எனக்குக் கவலை இருக்கிறது.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மர்ஜான் சத்ராபி 1969இல் ஈரானில் பிறந்து தெஹ்ரானில் வளர்ந்தவர். 1979 புரட்சியும், 1980இல் தொடங்கி எட்டு வருடம் நீண்ட ஈராக் போரும் அவருடைய பிள்ளைப் பருவத்தைத் தின்றன. பதினான்கு வயதில் தனியாக வியன்னாவுக்கு அனுப்பிவைத்தார்கள். தாங்க முடியாமல் திரும்பி வந்தார். ஊரிலும் ஒட்ட முடியாமல் பிரான்சுக்குப் போனார். இந்தக் கதையை 2000 முதல் 2003 வரை நான்கு சித்திரக்கதைத் தொகுதிகளாகப் பிரெஞ்சில் வெளியிட்டார். வின்சென்ட் பரோனோவுடன் சேர்ந்து அவரே 2007இல் அதைப் படமாக்கினார். கான் விழாவில் நடுவர் பரிசு கிடைத்தது. ஒஸ்கார் பரிந்துரையும் வந்தது. விமான நிலையத்தில் நிற்கிற இன்றைய மர்ஜானுக்கு நிறம் உண்டு. அவர் நினைத்துப் பார்க்கிற காலம் கறுப்பு வெள்ளை.

அண்மையில் மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் சிலர் கூடி இதைப் பார்த்தோம். அரை மணித்தியாலம் போவதற்குள் ஒரு மாமி எழும்பிவிட்டார். “கார்ட்டூன் எண்டுதானே மனே சொன்ன நீ? புள்ளைகளையும் கூட்டிக்கு வந்திட்டன்!” அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. சிறையும் தூக்கும் குண்டுவீச்சும் போதைப்பொருளும் மனச்சோர்வும் வருகிற படம் இது. இடிபாடுகளுக்குள்ளிருந்து ஒரு கை தெரிகிற காட்சியை ஆறு வயதுப் பிள்ளைக்கு யார் விளக்குவது? அமெரிக்காவில்கூட, பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் பெற்றோரின் கவனம் தேவை என்ற சான்றிதழோடுதான் வெளியானது. கீறிய படமென்றால் சின்னப் பிள்ளைகளுக்கு என்று நாமாக முடிவு கட்டிக்கொள்கிறோம். சின்னவர்களை உள்ளே விளையாட அனுப்பிவிட்டுப் படத்தைத் தொடர்ந்தோம். மாமியும் இருந்து பார்த்தார்.

பெரிய பிளவு வேறொரு காட்சியில் வந்தது. வளர்ந்த மர்ஜான் உதட்டுச் சாயத்தோடு தெருவில் நிற்கிறாள். ஒழுக்கக் காவலர்கள் வருகிறார்கள். பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தில், பக்கத்தில் சும்மா இருந்த ஒரு மனிதனைக் காட்டி, என்னிடம் ஆபாசமாகப் பேசினான் என்கிறாள். அவனை இழுத்துக்கொண்டு போகிறார்கள். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் இதைப் பகிடி போலச் சொல்கிறாள். பாட்டி சிரிக்கவில்லை. உன் தாத்தாவையும் உன் அப்பாவின் சகோதரரையும் மறந்துவிட்டாயா என்று பொரிந்து தள்ளுகிறாள். இரண்டு பேருமே சிறைக்குப் போனவர்கள்; அப்பாவின் சகோதரர் உயிரோடு திரும்பவில்லை.

“இப்படிச் செஞ்சவளுக்காக நாங்க ஏன் கவலைப்படோணும்?” என்றார் ஓர் இளைஞர். தன்னை நல்லவளாகக் காட்டாததுதான் படத்தின் பெலம் என்றாள் வளாகத்தில் படிக்கிற ஒரு மாணவி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதுவரை வாய் திறக்கவில்லை. சுற்றிவளைப்புகளில் சாக்கால் முகத்தை மூடி, தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுக்க நிறுத்தப்பட்டவனைத்தான் எங்கள் பக்கம் தலையாட்டி என்போம். அவர் சொன்னார்: “தலையாட்டிக்கு முன்னால நாங்க வரிசையில நிண்டிருக்கிறம். அவன் தலையை ஆட்டினா ஆள் இல்லை. அந்தச் சாக்குக்குள்ள இருந்ததும் ஆரோ அடிச்சுப் பயப்படுத்தின பொடியன்தான் எண்டு இண்டைக்குத்தான் யோசிக்கிறன். எண்டாலும் மன்னிக்கேலாது.”

யோசிக்கிறேன் என்றும் மன்னிக்கேலாது என்றும் ஒரே மூச்சில் அவர் சொன்னது இரண்டுமே உண்மை. இந்தப் படம் ஒருவரை அவ்வளவு தூரம் கொண்டுபோகுமென்றால் அது தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லிப் படத்திடம் கேட்கக்கூடாது.

உலகம் முழுக்க இந்தப் படத்தோடு சண்டை பிடித்திருக்கிறது. ஈரானிய அரசுத் தரப்பு எதிர்த்ததால் 2007இல் பாங்கொக் திரைப்பட விழா இதைப் பட்டியலிலிருந்து எடுத்தது. லெபனான் 2008 மார்ச்சில் தடை செய்து, எதிர்ப்பு வந்ததும் விட்டுக்கொடுத்தது. துனீசியாவில் 2011 ஒக்டோபரில் நெஸ்மா தொலைக்காட்சி அந்நாட்டுப் பேச்சு வழக்கில் குரல் சேர்த்து ஒளிபரப்பியது. சிறுமியின் கற்பனையில் கடவுள் தாடி வைத்த முதியவராக வருகிற காட்சியால் பலர் மனம் புண்பட்டார்கள். நிலையம் தாக்கப்பட்டது, உரிமையாளரின் வீடு தாக்கப்பட்டது. அவருக்கு 2012 மே மாதம் நீதிமன்றம் 2,400 தினார் தண்டமும் விதித்தது.

காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஏறாவூரும் செங்கலடியும் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கிற கரையிலிருந்து எழுதுகிற நான், மனம் புண்பட்டவர்களை ஏளனம் செய்ய மாட்டேன். இறைவனுக்கு உருவம் கொடுப்பதைப் பாவமாகக் கருதுகிறவருக்கு அந்தக் காட்சி வலிக்கும். அந்த வலியைச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. சொல்லும்போது மற்றவர் கேட்கவும் வேண்டும். வீட்டுக்கு நெருப்பு வைக்கிற உரிமை எவருக்கும் கிடையாது.

எனக்கு அதிகம் உறைத்தது ஈரானியர்களே வைத்த இன்னொரு குறை. மர்ஜானின் வீடு படித்த, வசதியான, இடதுசாரி வீடு. அந்த வீட்டின் கண்ணால் பார்த்தால் முழு ஈரானும் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாதுதான். ஆனால் அந்தச் சிறுமி முழு ஈரானுக்கும் சாட்சி சொல்ல எப்போது ஒப்புக்கொண்டாள்? ஒரே ஒரு கதை வெளியே போய்ப் பேர் எடுத்துவிட்டால், சனம் முழுவதையும் அந்தப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிடுகிறோம். பிறகு, சரியாகச் சுமக்கவில்லை என்று அந்தப் பிள்ளைக்கே அடிக்கிறோம்.

நாமும் இதைத்தான் செய்தோம். ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட ‘ஃபனி போய்’ நாவலைத் தீபா மேத்தா 2020இல் படமாக்கினார். 1983 இனக்கலவரத்துக்கு முந்திய கொழும்பில், ஆண்களை விரும்புகிற தன் மனதை அறிந்துகொண்டு வளர்கிற தமிழ்ப் பையனின் கதை. அதில் தமிழைப் பேசிய விதத்தைக் கேட்டு ஈழத்தமிழர் கொதித்தார்கள். முக்கிய பாத்திரங்களுக்குத் தமிழர் கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள். மொழிக்காகவும் உயிர் போன ஒரு போருக்கு இட்டுச்சென்ற காலத்தைப் பற்றிய படத்தில் தமிழ் சிதைந்து வந்தால் அது பிழைதான். நானும் அதைச் சொல்வேன். அந்தச் சத்தத்தில் அந்தப் பையனின் தனிமையைப் பற்றிப் பெரிதாக எவரும் பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ ஆவணப்படம் 2017இல் கானில் காட்டப்பட்டது. மறு வருடம் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில், எதிர்ப்பினால் அதன் திரையிடல் கைவிடப்பட்டது. அந்தப் படத்தோடு எனக்கும் முரண்பாடு உண்டு. காட்டிவிட்டு, மண்டபத்திலேயே அவரிடம் கேட்டிருக்கலாமே!

இப்போது எங்கள் மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகளோடு சேர்த்து ஊர்மக்களைக் கொன்றார்கள். எல்லாம் ஐந்தாறு கிழமைக்குள். அந்த வருடம் பத்து வயதாக இருந்த பிள்ளைகள் இந்த எல்லா ஊர்களிலும் இருந்தார்கள். இன்று அவர்களுக்கு நாற்பத்தைந்துக்கு மேல். பிறகு வளர்ந்தவர்களில் எத்தனையோ பேர் பள்ளிக்கூடத்துக்குப் போன வழியில் ஆயுத இயக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சத்ராபியின் புத்தகத்தில், சுவர்க்கத்தின் திறப்பு என்று சொல்லிப் பொன்னிறம் பூசிய பிளாஸ்டிக் திறப்பைப் பையன்களிடம் கொடுத்துப் போருக்கு அனுப்புகிற இடம் வரும்போது, வாவியின் மேற்கே கிடக்கிற படுவான்கரைத் தாய்மாரில் யாருக்கு விளக்கம் தேவைப்படும்?

இந்தப் பிள்ளைகளில் ஒருவரின் கதை படமானால் மற்ற ஊர் சும்மா இருக்காது. எங்கள் கதை எங்கே என்று கேட்கும். கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பதில், அடுத்த பிள்ளையின் கதையையும் எடுப்பதுதான். முதல் பிள்ளையின் வாயைப் பொத்துவதால் இரண்டாவது பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது.

அதற்கு வரைகலை எங்களுக்கு மிகவும் பொருந்தும். உயிருள்ள நடிகர்களை வைத்து எடுத்தால் எங்கோ தூரத்து மனிதர்களின் கதை ஆகிவிடும், கோடுகளால் வரைந்தால் எவரும் தன்னைக் காணலாம் என்று சத்ராபி விளக்கியிருக்கிறார். இங்கே இன்னொரு காரணமும் உண்டு. கதை சொல்கிற பெண்ணின் முகத்தைக் காட்டாமலே அவள் கதையைக் காட்டலாம். இன்றும் முகம் காட்டப் பயப்படுகிறவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

முரண்படுவதும் எங்களுக்குப் புதிதில்லை. விடியவிடியக் களரியைச் சுற்றியிருந்து கூத்துப் பார்த்து, அதைப் பழக்கிய அண்ணாவியாரிடமே நேரில் குறை சொன்ன சனம் நாங்கள். பேராசிரியர் சி. மௌனகுரு கூத்தைச் செறிவாக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். சி. ஜெயசங்கரும் அவரோடு இணைந்தவர்களும் சீலாமுனையில் ஊர்மக்களோடு இருந்து கூத்தை மீளுருவாக்கம் செய்தார்கள். எது சரியான வழி என்ற விவாதம் பல வருடமாக நடக்கிறது. அந்த விவாதத்தால் கூத்துக்கு உயிர் போய்விடவில்லை.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அந்தக் காலத்தைச் சின்ன வயதில் கடந்தவர் இருந்தால், அப்போது என்ன பயம், என்ன ஆசை, என்ன பொய் சொன்னீர்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் படிக்கிற பிள்ளைகளே, அதை வாங்கிக் கீறுங்கள். எந்த ஊர்ப் பிள்ளை, எந்த மதம் என்று பார்க்காமல் கீறுங்கள். படம் வருகிற நாளில் மறுத்துப் பேச நினைக்கிறவர்கள் எல்லோரும் வாருங்கள். கடைசிவரை இருந்து பார்த்துவிட்டு மறுத்துப் பேசுங்கள்.