மின்வண்டியும் அதிகாரியின் காரும்

மின்சாரம் பொருநைக் கரைக்குப் புதிதன்று. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944 முதல் இயங்குகிறது. இன்று நெல்லைத் தெருக்களில் தூய்மைப் பணியாளர்கள் பேட்டரி வண்டிகளில் குப்பை சேகரிக்கிறார்கள். அலுவலர்களின் வாகனங்களோ பெரும்பாலும் டீசலில்தான் ஓடுகின்றன. அரசுத் துறைகளுக்கென 10,000 மின்கார்கள் வாங்க மத்திய அரசு சார்ந்த ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் 2017-இலேயே ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்தது.

மாற்றம் கீழிருந்து தொடங்கியது நன்று, அங்கேயே நின்றுவிடலாகாது. பாளையங்கோட்டைக்கும் மேலப்பாளையத்திற்கும் போய்வந்து, இரவில் அலுவலகக் கொட்டகையில் நிற்கும் காருக்கு நெடுந்தொலைவு பற்றிய அச்சம் எதற்கு?

வாங்குவதோடு கடமை முடிவதில்லை. பேட்டரி சில ஆண்டுகளில் வலுவிழக்கும். அதை மாற்றும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதாவிடில் வண்டி மூலையில் துருப்பிடிக்கும். பணியாளர் மீண்டும் தள்ளுவண்டி தள்ளுவார். அதிகாரியும் பேட்டரியை நம்பிப் பயணம் செய்யும் நாளில், பழுதுபார்ப்பு தானே விரைவுபெறும் என்பது என் எண்ணம்.