செயலி நமது, கணக்கறை யாருடையது?

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் நம்மவர்கள் பலர் இப்போது தங்கள் கடைக்கென்று ஒரு கையடக்கத் தொலைபேசிச் செயலி வேண்டும் என்கிறார்கள். வெளியூர்க் கடைக்காரர் சாமான் பட்டியலைப் பார்த்து ஓடர் போட வேண்டும், தனது பாக்கி எவ்வளவு என்று அறிய வேண்டும். ஆசை நியாயமானதுதான். மென்பொருள் செய்யும் தம்பிமாரும் வந்து படம் படமாகக் காட்டுவார்கள். நிறம், லோகோ, பட்டன் எல்லாம் பேசி முடிப்போம். ஆனால் பணமும் தலையிடியும் இருப்பது திரைக்குப் பின்னால். ஓடர், விலை, வாடிக்கையாளர் விபரம், பாக்கி எல்லாவற்றையும் வைத்துக் காக்கும் பகுதியைத்தான் பேக்எண்ட் என்கிறார்கள். திரை கடையின் ஷோகேஸ் என்றால் இது கணக்குப்பிள்ளை உட்காரும் அறை.

இந்த அறையை இரண்டு விதமாக அமைக்கலாம். ஆள் வைத்து நமக்கென்றே எழுதி, ஒரு சேர்வரில் போட்டு நாமே நடத்துவது ஒன்று. கூகுளின் பயர்பேஸ் போன்ற ஆயத்த சேவையில் கணக்குத் திறந்து, அவர்களது இயந்திரத்தில் நமது விபரங்களை வைப்பது மற்றது. வாடகைக் கடையில் வருடக்கணக்காக இருந்தவர்களுக்கு 'சொந்தம்' என்ற சொல்லில் ஒரு தனி விருப்பம். ஆகவே முதல் வழிதான் நல்லது என்று உடனே சொல்லி விடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

சொந்த பேக்எண்ட் சொந்தக் கடை போன்றதல்ல, சொந்த லொறி போன்றது. வாங்கிய அன்றோடு செலவு முடிவதில்லை. சாரதி வேண்டும், டயர் மாற்ற வேண்டும், நடுவழியில் நின்றால் இரவென்றும் பாராமல் ஆள் அனுப்ப வேண்டும். சேர்வருக்கும் அப்படியே. பாதுகாப்புத் திருத்தங்கள் போட வேண்டும், பெக்கப் எடுக்க வேண்டும். அதற்கு மேல், சொந்தம் என்று நாம் சொல்லும் சேர்வரும் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ மாத வாடகைக்கு எடுத்த இடம்தான். கடைக்குள்ளேயே இயந்திரத்தை வைக்கலாமே என்பவர்கள் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை மறந்து விட்டார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து சாரதி. எனக்குத் தெரிந்த துணி வியாபாரி ஒருவரின் செயலியை எழுதிய தம்பி நல்ல பிள்ளை, வேலையும் சுத்தம். கட்டாரில் வேலை கிடைத்துப் போய் விட்டார். பெருநாள் வியாபாரம் சூடு பிடித்த நேரத்தில் செயலி நின்றது. சேர்வர் எந்தக் கம்பனியில் இருக்கிறது என்பதுகூட முதலாளிக்குத் தெரியாது. வேறு ஆளைக் கொண்டு வந்தால், பழையதைப் பார்ப்பதைவிடப் புதிதாக எழுதுவது லேசு என்றார்.

ஆயத்த சேவை வாடகை லொறி. பயணத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும். ஆனால் எதைப் பயணமாக எண்ணுகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பயர்பேஸின் பயர்ஸ்டோர் என்ற தரவுக்களஞ்சியத்தில் ஒரு நாளைக்கு 50,000 வாசிப்பும் 20,000 எழுத்தும் இலவசம். கேட்க அதிகம் போல இருக்கும். உங்கள் பட்டியலில் 1,000 சாமான் இருந்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பதிவாக வைத்தால், ஒரு கடைக்காரர் பட்டியலை முழுதாகத் திறப்பது 1,000 வாசிப்பு. 60 கடைக்காரர் ஒரு தடவை திறந்தாலே 60,000. காசு கட்டாத திட்டம் என்றால் அன்றைய கணக்கு முடிந்ததும் வேலை நின்று விடும். அவர்களது நாள் கலிபோர்னியா நேரப்படி மாறுகிறது. நமக்கு அது பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை மணி. காசு கட்டும் திட்டத்தில் ஒரு லட்சம் வாசிப்புக்குச் சில டொலர் சதங்கள்தான். ஆனால் செலவு எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை மின்னஞ்சல் வருமே தவிர, சேவை தானாக நிற்பதில்லை. பட்டியலைத் தொலைபேசியிலேயே வைத்து, விலை மாறிய சாமானை மட்டும் எடுக்கும்படி எழுதினால் இந்தச் செலவில் பெரும்பகுதி வராது. இதைத் தம்பியிடம் கேட்டே ஆக வேண்டும்.

பில் டொலரில் வருவது வேறு கதை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 25 டொலர் கட்டியவருக்கு 5,000 ரூபா 9,000 ஆனது. வெளிநாட்டில் சேர்வர் எடுத்தவரும் இதிலிருந்து தப்பவில்லை.

ஆயத்த சேவைக்காரன் கடையைப் பூட்டினால் என்ன செய்வது என்பது சரியான கேள்வி. பார்ஸ் என்ற சேவையை 2013இல் பேஸ்புக் வாங்கியது. 2016 ஜனவரியில் மூடப் போவதாக அறிவித்து, 2017 ஜனவரியில் மூடி விட்டது. ஒரு வருட அவகாசமும் மென்பொருளின் மூல நிரலும் கொடுத்ததால் பலர் வேறு இடத்துக்கு மாற முடிந்தது. எல்லாரும் இப்படி அவகாசம் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு, ஒன்றிரண்டு கடை நடத்துபவர் ஆயத்த சேவையில் தொடங்குவதே புத்தி என்பேன். ஆனால் ஓடரை மட்டும் அதில் விடுங்கள். திரும்பிய செக், கழிவு, தவணை என்று சிக்கலான கடன் கணக்கு கடையில் ஏற்கனவே ஓடும் கணக்கு மென்பொருளிலேயே இருக்கட்டும். மாலையில் ஒவ்வொருவரின் பாக்கித் தொகையை மட்டும் செயலிக்கு அனுப்பினால் போதும். பல கிளைகளும் மாதச் சம்பளத்துக்குக் கணனி ஆளும் உள்ளவர்கள் சொந்தமாகச் செய்வதைப் பற்றி யோசிக்கலாம்.

எந்த வழியானாலும் விபரங்களின் பிரதி ஒன்று வாரந்தோறும் உங்கள் கைக்கு வர வேண்டும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட்டை கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச அலுவலக மின்னஞ்சல்கள் போயே போய் விட்டன. அந்தக் காலத்துக்கு பெக்கப் இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இந்த நிலை.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. சேவைக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் திறக்கப்படுகிறது? தம்பி தனது சொந்த ஜிமெயிலில் திறந்து தருவதாகச் சொன்னால், கடையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் எடுத்து, முதலாளியின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, அவரை உங்கள் முன்னால் உட்கார வைத்து அதில் திறக்கச் சொல்லுங்கள்.