படத்தின் பின்புறத்தில் எழுதுங்கள்



சென்ற மாதம் கரோல் பாக்கில் நமது அன்பர் ஒருவர் தம் இல்லத்தைக் காலி செய்தபோது, பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியொன்றைப் பார்க்க நம்மையும் அழைத்திருந்தார். பெட்டியினுள் ஒரு புகைப்படமும், பழைய துணியில் சுற்றிய பட்டுப் புடவையொன்றும் இருந்தன. படத்தில் பதின்மூவர் நிற்கின்றனர். நடுவில் மாலையுடன் காட்சி தருபவர், அக்காலத்தில் தலைநகருக்கு வருகை தந்த தமிழகத் தலைவர் ஒருவர். அவரை நாம் கண்டவுடனே அறிந்துகொண்டோம். சுற்றி நிற்கும் பன்னிருவரும் நம்மவர். அவருள் மாலையிட்ட அம்மையார் உடுத்தியிருக்கும் புடவையே பெட்டியிலிருந்த புடவை. ஆனால் அவர் யார்? படத்தின் பின்புறத்தைத் திருப்பினோம். ஓர் எழுத்துக்கூட இல்லை.

அன்பரின் தாயாருக்கு வயது 90 கடந்துவிட்டது. படத்தைக் கண்ணருகே வைத்து, ஏழு பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். மாலையிட்டவர் தம் நாத்தனார் என்றார். மற்ற ஐவரைக் குறித்து, "பார்த்த முகந்தான்" என்று கூறி மௌனமானார். அந்த அம்மையாரையன்றி அப்பெயர்களை அறிந்தவர் இன்று எவருமிலர். தலைவரின் முகத்தை நாடே நினைவில் வைத்திருக்கும். அவரை வரவேற்ற நம் மூத்தோரின் முகங்களை நாமன்றி வேறு யார் நினைவில் வைப்பர்?

ஒரு துணியோ படமோ சரித்திரமாவது, அது யாருடையது, எந்நாளில் எவ்விடத்தில் இருந்தது என்ற குறிப்பினாலேயாகும். இதற்குச் சான்று நமக்கு அருகிலேயே உள்ளது. ராஜ்காட் சமாதிக்கு எதிரிலுள்ள தேசிய காந்தி அருங்காட்சியகத்தில், 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் அணிந்திருந்த வேட்டியும் சால்வையும் இரத்தக் கறையுடன் வைக்கப்பட்டிருக்கின்றன. அன்று அவர் அணிந்திருந்த உடையின் ஒரு பகுதி, ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்த மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் மேலுடையைத் துறந்து முழங்காலளவு ஆடைக்கு மாறியதும் அதே மதுரையில்தான். இவ்வளவும் தெரிந்திருப்பதால்தான் ஒரு துண்டுக் கதர் நம்மைத் தலைகுனிய வைக்கிறது. குறிப்பு இல்லையேல் அது வெறும் கந்தலே.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். கறைபட்ட துணியைக் கண்டால் உடனே வெளுத்து மடித்து வைப்பது நம் இல்லத்து வழக்கம். அன்று எவரேனும் நல்லெண்ணத்தோடு அவ்வாறு செய்திருந்தால்? சப்தர்ஜங் சாலையிலுள்ள நினைவில்லத்தில், 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி உடுத்தியிருந்த புடவையும், 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் உயிர்நீத்த ராஜீவ் காந்தியின் உடையில் எஞ்சியதும் கண்ணாடிக்குள் உள்ளன. அவற்றிலும் கறையே சாட்சி.

புகைப்படங்களின் கதியும் இதுதான். டில்லியில் ஸ்டூடியோ நடத்திய குல்வந்த் ராய், காந்தியடிகளையும் எல்லைக் காந்தியையும் நேருவையும் அருகிருந்து படமெடுத்தவர். 1950-களின் இறுதியில் உலகப் பயணம் சென்றபோது, எடுத்த படங்களின் நெகடிவ்களைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார். அவை காணாமற் போயின. திரும்பி வந்த அவர் அவற்றை நகரின் குப்பை மேடுகளிலும் தேடியலைந்தார் என்பர். 1984-இல் அவர் காலமானார். எஞ்சிய பெட்டிகள் ஆதித்ய ஆர்யா என்னும் புகைப்படக் கலைஞரிடம் பல்லாண்டுகள் திறக்கப்படாமல் இருந்தன. பின்னர் அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து ஒழுங்கு செய்ததனாலேயே அப்படங்கள் இன்று உலகின் பார்வைக்கு வந்துள்ளன.

நம் இல்லங்களில் செய்யக்கூடியவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பழைய படத்தின் பின்புறம், ஓரமாக, மெல்லிய பென்சிலால் பெயர்களையும் ஆண்டையும் இடத்தையும் எழுதுக. பேனா வேண்டா, மை முன்புறம் ஊறிவிடும். பென்சில் பதியாத வழவழப்பான தாளாயின் உறையின்மேல் எழுதுக. கிழிந்த படத்தைப் பசை நாடாவால் ஒட்டுவதும், நெகிழித் தாளிட்டு லாமினேஷன் செய்வதும் கெடுதி. பின்னர் பிரிக்க இயலாது. வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். வெளிச்சத்தால் விளையும் சேதம் நாளுக்குநாள் சேர்ந்துகொண்டே போகும், மங்கியது மீளாது. அருங்காட்சியகங்கள் பழந்துணிகளை மங்கிய ஒளியிலேயே வைப்பது இதனால்தான்.

நாம் கண்ட பட்டுப் புடவை மடிப்புத் தோறும் இற்றிருந்தது. பல்லாண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்ததன் விளைவு அது. கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று திங்களுக்கொருமுறை மடிப்பை மாற்றி வைத்திருந்தால் தப்பியிருக்கும். பாச்சை உருண்டை சரிகையைத் தொடலாகாது. ஆடி ஆவணி மழை ஈரம் போனபின் பெட்டியைத் திறந்து நிழலில் காற்றாட விடுக.

இவையனைத்திலும் முதன்மையானது ஒன்றுண்டு. இந்த ஞாயிறன்று இல்லத்து மூத்தவரருகே அமர்ந்து, ஒரே ஒரு படத்தைக் கையில் கொடுத்து, "இவர் யார் பாட்டி?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்தாலும் நன்று. எழுதினால் இன்னும் நன்று. பிரதியெடுத்து உறவினர் அனைவருக்கும் பெயர்களுடன் அனுப்புங்கள்.

கரோல் பாக் படத்தில் ஏழு பெயர்கள் இப்போது பென்சிலால் எழுதப்பட்டுள்ளன. ஐந்து இடங்கள் வெறுமையாக உள்ளன. உங்கள் பரணிலும் அதே நாளின் படம் இருக்கக்கூடும். இருப்பின், அந்த ஐவரையும் நமக்குச் சொல்லுங்கள்.