வெட்கம் காத்த இரகசியம்



தியானப் பகுதி: மாற்கு 1:40-45

குஷ்டரோகி தன் நிலையை மறைக்காமல் இயேசுவினிடத்தில் வந்தான். அவர் முதலாவது அவனைத் தொட்டார். அதன் பின்பே குஷ்டம் நீங்கிற்று. சுகமானபின் தொடுவது எளிது. சுகமாகுமுன் தொடுவதே அன்பு.

இன்று பிறப்புறுப்பு மருக்களைப் பற்றி எழுதுகிறேன். போதகர் இதை எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். வெட்கத்தினால் மருத்துவரிடம் போகாமலும், கணவனிடமோ மனைவியிடமோ சொல்லாமலும் தவிப்பவர்கள் விசுவாசிகளின் வீடுகளிலும் உண்டு. அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

இம்மருக்களை உண்டாக்குவது எச்.பி.வி. என்னும் வைரஸ். இவற்றுக்குப் பெரும்பாலும் காரணம் அதன் 6, 11 ஆகிய வகைகள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கிய காரணமான 16, 18 ஆகிய வகைகள் வேறு. தொற்று ஏற்பட்டுச் சில மாதங்களோ, சில வருஷங்களோ கழித்தே மரு தோன்றக்கூடும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பெரும்பாலும் அறிய முடியாது. ஆகையால், இன்று கண்ட மருவைச் சாட்சியாக வைத்து, நேற்று துரோகம் நடந்தது என்று தீர்ப்பிட ஒருவராலும் இயலாது.

மருத்துவர் களிம்பு கொடுத்தோ, மருவை உறையவைத்தோ நீக்குவார். கைகால் மருக்களுக்குக் கடையில் விற்கும் மருந்தை அவ்விடத்தில் பூசலாகாது. நீக்கியபின்பும் மரு திரும்பி வருவதுண்டு. அது விசுவாசக் குறைவின் அடையாளமன்று. ஆணுறை தொற்றின் ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. மனைவி கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளட்டும்.

இவ்வளவும் அறிந்தபின் மறைப்பது சரியா? சரியன்று என்பதே என் கருத்து. கணவனும் மனைவியும் ஒரே மாம்சமாயிருந்தால், ஒருவருடைய சரீரத்தில் உள்ளதை அறிய மற்றவருக்கு உரிமை உண்டு. மருத்துவரைக் கண்டபின், சண்டையின் நடுவிலல்ல, அமைதியான ஒரு வேளையில், கூடிவருமுன் சொல்லுங்கள். "எனக்கு இந்தத் தொற்று இருக்கிறது, உனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்று சொல்லுகிறேன், இருவரும் மருத்துவரிடம் போவோம்" என்பதே போதும். திருமணம் நிச்சயமானவர்கள், சபையில் ஓலை வாசிக்கப்படுமுன்னே பேசிவிடுவது உத்தமம். பழைய பாவம் ஒன்று உண்டானால், அதை வைரஸின் பின்னால் ஒளிக்காமல் அறிக்கையிடுங்கள்.

கேட்கிறவர்களே, உங்களுக்கு அச்சமும் கோபமும் வரலாம். பதில் சொல்ல நாளெடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உண்மையைச் சொன்னவரை அதற்காகவே தண்டியாதிருங்கள். அவ்வாறு தண்டித்தால், அந்த வீட்டில் இனி ஒருவரும் உண்மை பேசத் துணியமாட்டார்கள். இவ்வீட்டுக் காரியத்தைச் சபையில் ஜெபவிண்ணப்பம் என்ற பெயரில் பரப்புவதும் பாவமே.

ஜெபம்: தொடத்தகாதவனைத் தொட்ட ஆண்டவரே, மறைத்துத் தவிப்பவருக்குச் சொல்லும் தைரியத்தையும், கேட்பவருக்குப் பொறுமையையும் தாரும். எங்கள் வீடுகள் உண்மைக்கு அஞ்சாத வீடுகளாகட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.