பசுமை அடுக்ககத்துக்கு எந்த ஊர்க் கிணறு?



எங்க ஊர் இடையஞ்சாவடி. வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டின செம்மண் மேடு. மல்லாட்டை, கம்பு, முந்திரி, இதுதான் எங்க வெள்ளாமை. போன தை மாதம் என் அக்கா மகன் சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையில் வீடு வாங்கினான். பால் காய்ச்ச எங்களையும் கூப்பிட்டிருந்தான்.

“பசுமை வீடு மாமா. சான்றிதழ் வாங்கின கட்டடம்”னு சுற்றிக் காட்டினான். மாடியில் சூரியத் தகடு. கையை நீட்டினால் மட்டும் ஊத்துற குழாய். மழைநீர்க் குழி, கழிவுநீரைச் சுத்தம் பண்ற நிலையம், சுவர் முழுக்கத் தொட்டிச்செடி. எல்லாம் பார்க்க நல்லாத்தான் இருந்தது. குறை சொல்ல எனக்கு மனசு வரல.

சாயங்காலம் கீழே இறங்கினேன். பின்வாசல்ல தண்ணி லாரி வரிசையா நின்னுது. “இது எங்கேர்ந்து வருது மாப்ள?”ன்னேன். “தெரியல மாமா, அதெல்லாம் சங்கம் பார்த்துக்கும்”னான்.

அந்தத் ‘தெரியல’தான் என்னை இதை எழுத வைத்தது.

நம் நாட்டில் பசுமைக் கட்டடங்களுக்குச் சான்று தர அமைப்புகள் இருக்கின்றன. இந்தியப் பசுமைக் கட்டடக் குழு 2001-லேயே தொடங்கப்பட்டது. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிப்படியாகச் சான்று தருகிறது. மின்சாரம் மிச்சம், தண்ணீர் மிச்சம், மழைநீர் சேமிப்பு, குப்பை பிரிப்பு, இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் உண்டு. இதெல்லாம் தேவையான வேலைதான். ஆனால் சான்றிதழ் கட்டடத்தை அளக்கிறது. அந்தக் கட்டடம் மதில் சுவருக்கு வெளியே எவ்வளவு நிலத்தை, எத்தனை கிணற்றை நம்பி நிற்கிறது என்பதை யார் அளப்பது? வாங்க, நாமே அளப்போம். நமக்குத் தெரிஞ்ச கணக்குதான்.

500 வீடுகள், வீட்டுக்கு நாலு பேர் என்று வைப்போம். நகரத்தில் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசு கணக்கு. மொத்தம் 2,70,000 லிட்டர். அதில் கழிப்பறைக்கு ஆகிற 45 லிட்டரைச் சுத்திகரித்த நீரிலேயே சமாளித்தாலும், நல்ல தண்ணீர் 1,80,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரி என்றால் தினமும் 15 நடை.

மார்கழிப் பட்டத்து இறவை மல்லாட்டைக்கு 500 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஏக்கருக்குச் சுமார் 20 லட்சம் லிட்டர் ஆகும். அந்த 500 வீடுகள் பதினோரு நாளில் குடித்து, குளித்து, துவைத்துத் தீர்ப்பது ஒரு ஏக்கர் மல்லாட்டையின் தண்ணீர். வருசத்துக்கு 33 ஏக்கர்.

சோத்துக்கு வருவோம். வீட்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி. 500 வீட்டுக்கு மாதம் 10 டன், வருசத்துக்கு 120 டன். பாரம்பரிய நெல்லில் ஏக்கருக்கு ஒரு டன் அரிசி கிடைத்தால் 120 ஏக்கர் நஞ்சை. பருப்பு, எண்ணெய், காய், பால் எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை. ஆக, அந்த அடுக்ககத்தின் உண்மையான பரப்பு பத்திரத்தில் எழுதியிருக்கிற சதுர அடி கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான ஏக்கரும் அதோடு சேர்ந்தது. அந்த ஏக்கரில் யூரியாவும் பூச்சிக்கொல்லியும் கொட்டிக்கொண்டிருந்தால், மாடியில் துளசி வைத்து என்ன பிரயோசனம்?

தண்ணீர் விசயத்தில் சென்னைக்கு இது புதுசு இல்லை. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரித் தண்ணீர் 2004-லிருந்து 230 கிலோமீட்டருக்கு மேல் குழாயில், நம்ம விழுப்புரம் மாவட்டம் வழியாகத்தான் சென்னைக்குப் போகுது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போச்சு, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ரயில் செய்தியில் வந்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து தினம் ஓடுற லாரியை அவ்வளவாக யாரும் பேசல.

இதில் நம்ம மேலும் தப்பு இருக்கு, மறைக்கக் கூடாது. லாரிக்குக் கிணற்றை விட்டவர் யார்? நம்மைப் போல ஒரு உழவர்தான். மல்லாட்டைக்குக் கட்டுப்படியான விலை இல்லை, ஆள் கிடைக்கல. லாரிக்காரர் கையில் காசு வைக்கிறார். விவசாயத்துக்கென்று வாங்கின இலவச மின்சாரத்தில் இறைத்து விற்பது சட்டப்படியும் தப்பு, பக்கத்து நிலத்துக்காரருக்குச் செய்யற துரோகமும்கூட. நம்ம கடற்கரையில் இது இன்னும் ஆபத்து. வடக்கே மரக்காணத்தில் உப்பளம் நடக்க உப்புத்தண்ணி வேணும். நம்ம கிணற்றுக்குள் அது வந்துட்டா அப்புறம் எந்தச் சான்றிதழும் அதை வெளியே அனுப்பாது.

அப்போ நகரத்தில் அடுக்ககமே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. எல்லாரும் ஆளுக்கு அரை ஏக்கரில் தனி வீடு கட்ட வந்தால் நம்ம கொல்லைதான் மனையாகும். மாடி மேல மாடியா நெருங்கி வாழ்வது நிலத்துக்கு நல்லதுதான். எங்க ஊர்ப் பக்கமே ஒரு உதாரணம் இருக்கு. ஆரோவில்லில் விகாஸ் என்ற குடியிருப்பை 1990-களில் கட்டினாங்க. அந்த இடத்திலேயே தோண்டின மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து, அழுத்தி, சூளை வைக்காத கல்லாக்கி நாலு மாடி வரை எழுப்பினாங்க. 2000-ல் உலக வாழிட விருதின் இறுதிச் சுற்று வரை அது போனது. ஆனால் சுவர் மண்ணாக இருந்தாலும் சோறு வெளியேயிருந்து வரும் கேள்வி அங்கேயும் உண்டு. தனக்கு வேண்டிய உணவு முழுவதையும் ஆரோவில்லும் தானே விளைவிப்பதில்லை.

அதனால் பசுமை வீடு என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் நாம் மூன்று கேட்போம்.

ஒன்று, தண்ணீர். வாசலில் சான்றிதழ் மாட்டியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைக்கட்டும். இன்றைக்கு எத்தனை லாரி வந்தது, எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வந்தது என்று தினம் எழுதட்டும். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கியாச்சு. குழி இருக்கா என்பதைவிட, அதனால் எத்தனை லாரி குறைஞ்சது என்பதுதான் கேள்வி.

இரண்டு, குப்பை. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லின. வீட்டுக்கு முக்கால் கிலோ என்றாலும் 500 வீட்டில் வருசத்துக்கு 136 டன் சேரும். மக்கினால் கால் பங்கு, 34 டன் எரு. ஏக்கருக்கு இரண்டு டன் போட்டால் 17 ஏக்கருக்கு ஆகும். பிளாஸ்டிக்கும் பேட்டரியும் கலக்காத எரு என்றால் நாம வாங்கிக்கலாம். சுத்திகரித்த நீரும் அப்படித்தான். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து 2018-லிருந்து கோலார் மாவட்ட ஏரிகளுக்கு விடுறாங்க. அந்தச் சுத்திகரிப்பு போதுமா என்று அங்கே கேள்வியும் எழுந்தது. நாமும் சோதித்துப் பார்த்துத்தான் நிலத்துக்கு விடணும்.

மூன்று, சாப்பாடு. நூறு குடும்பம் சேர்ந்து ஒரு உழவர் குழுவோடு விதைக்கிறதுக்கு முன்னாடியே விலை பேசட்டும். மல்லாட்டைக்குக் கட்டுப்படியாகிற விலை கிடைத்தால் எந்த உழவரும் கிணற்றை லாரிக்கு விட மாட்டார். அவர்கள் குடிக்கிற தண்ணீரைக் காப்பாத்துற வழியும் அதுதான்.

ஊருக்கு வந்து இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்து போன் பண்ணினான். லாரி ஓட்டுநரிடமே விசாரித்திருக்கான். “செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரிக்கரை ஊர் மாமா. அங்கேயும் மல்லாட்டைதான் போடுவாங்களாம்”னான். அவன் மாடியில் இருக்கிற ஆறு வீட்டுக்கும் மரச்செக்கு எண்ணெய் வேணுமாம், விலை கேட்டான். சொன்னேன். எண்ணெய் ஏத்திட்டு வர்ற வண்டி வெறுமனே திரும்பக் கூடாது, எரு ஏத்தி அனுப்பணும் என்றும் சொன்னேன். சங்கத்தில் பேசிட்டுச் சொல்றேன்னிருக்கான்.

உங்க வீட்டிலிருந்தும் யாராவது பட்டணத்துப் பசுமை வீட்டில் இருப்பாங்க. லாரி எங்கேர்ந்து வருதுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.