மதிப்பெண்ணும் மனவூக்கமும்

சென்ற விடுமுறையில் அனந்தபுரத்திலுள்ள உறவினர் இல்லத்திற் சிலநாள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டு இளைஞர் ஒருவர் கல்லூரியிற் பௌதிகம் பயில்பவர். தம் குடும்பத்தில் உயர்கல்வியின் வாயிலை முதன்முதல் மிதித்தவரும் அவரே. ஒருநாள் இருவரும் செஞ்சிக் கோட்டையைக் காணச் சென்றோம். 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மராட்டியர் படையரண்களுள் ஒன்றாக உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் யுனெஸ்கோவாற் சேர்க்கப்பெற்ற கோட்டை அது. அங்குள்ள கல்யாண மகாலின் மேனிலைக்கு மட்குழாய் வழியே நீர் கொண்டுசென்ற செய்தியைக் கூறி, "தம்பி, இயந்திரம் ஒன்றும் இல்லாத அக்காலத்தில் நீர் எங்ஙனம் மேலே ஏறியிருக்கும்?" என வினவினேன். அவர் மாளிகையைச் சிறிது நேரம் அண்ணாந்து நோக்கினார். கண்களில் ஓர் ஒளி தோன்றிற்று. அடுத்த கணமே அது மறைய, "ஐயா, இது பரீட்சையில் வருமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவர் விளையாட்டாகவே கேட்டார். ஆயினும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீர் ஏறும் வகையை ஆராய்வதற்கு வேண்டிய பௌதிகம் முழுவதும் அவர் கற்றதே. அதில் அவர் பெற்ற மதிப்பெண்ணும் குறைந்ததன்று. இல்லாதது யாது? கற்றதைக் கொண்டு கல்லாத ஒன்றை அறியவேண்டும் என்னும் வேட்கையே. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, ஊக்கமுடைமைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தனர். ஒன்று இருந்தால் மற்றொன்று தானே வந்துவிடும் என அவர் கருதவில்லை போலும்!

இக்காலத்தில் உயர்கல்வியிற் புதுமை வேண்டும் என்னும் குரல் எங்கும் கேட்கிறது. வகுப்பறைச் சுவரில் திரை தொங்குகிறது. பாடம் இணையத்தில் வருகிறது. வினவியதற்கெல்லாம் விடையெழுதித் தரும் கணினியும் வந்துவிட்டது. இவற்றை வெறுப்பதற்கில்லை. ஆனால், பழைய வினாக்களைப் புதிய கருவியினாற் கேட்பது புதுமையாகுமா? விடை முன்னமே தெரிந்த வினாவைக் கரும்பலகையில் எழுதினால் என்ன, திரையிற் காட்டினால் என்ன? மாணவர் உள்ளம் இரண்டிலும் ஒரே வகையாகவே உறங்கும்.

இங்ஙனம் கூறுவதால் பரீட்சையை இகழ்கின்றேன் என எவரும் கொள்ளற்க. விடைத்தாளைத் திருத்துவோர்க்கு எழுதியவன் இன்னான் மகன் என்பது தெரியாது. அவன் சாதியும் செல்வமும் அத்தாளில் இல்லை. கடலைக்கொல்லையிற் களைவெட்டும் தாயின் மகளுக்கு, பரிந்துரைக்க ஆளில்லாத உலகில், மதிப்பெண்ணே பரிந்துரை. 2021-22-ஆம் ஆண்டு அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கின்படி, இந்திய நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை நூற்றுக்கு 28 ஆக இருக்க, தமிழ்நாட்டில் அது 47 ஆக இருந்தது. இப்பெருக்கத்தில் எளியோர் பலர் உள்ளே வந்ததற்கு மதிப்பெண்ணும் ஒரு காரணமன்றோ? ஆகவே மதிப்பெண் வாயிற்கதவு. ஆனால் வாயிலிலேயே வாழ்நாளைக் கழிப்பதற்காகவா வீடு கட்டினோம்?

உள்ளே அழைத்துச் செல்லும் ஆசிரியர் எத்தகையர் என்பதற்கு நம் நாட்டு மிஷன் கல்லூரி வரலாற்றிலேயே சான்று உண்டு. சார்லஸ் ரசீன் என்னும் பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைப் பாதிரியார், பாரிஸ் நகரில் எலீ கார்த்தான் என்னும் பேரறிஞரிடம் கணிதம் பயின்றவர்; 1937-இல் இந்தியா வந்து, திருச்சிராப்பள்ளியிலும் பின்னர்ச் சென்னை லயோலா கல்லூரியிலும் பணியாற்றினார். ஐரோப்பாவில் அன்று வளர்ந்துகொண்டிருந்த புதுக் கணிதத்தை, பாடத்திட்டத்தின் வேலிக்கு அப்பாலிருந்து தம் மாணாக்கர்க்குக் கொணர்ந்து காட்டினார். ஆர்வமுடையோரை, 1945-இல் தோன்றிப் பம்பாயில் இயங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்லுமாறு தூண்டினார்.

அவ்வாறு 1953-இல் அங்குச் சென்றவருள் இருவர், நம் செஞ்சிச் சீமைக்கு அயலிலிருந்து வந்தவர்கள். எம். எஸ். நரசிம்மன், அந்நாளைய வட ஆர்க்காட்டு மாவட்டத்துத் தண்டரையிற் பிறந்தவர், சி. எஸ். சேஷாத்திரி, காஞ்சியிற் பிறந்து செங்கற்பட்டில் வளர்ந்தவர். இருவரும் 1932-இற் பிறந்தோர். 1965-இல் இவ்விருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம், கணிதத்தில் வெவ்வேறு துறைகளாக வளர்ந்த இரண்டை ஒன்றோடொன்று இணைத்தது. இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. சேஷாத்திரி 1989-இற் சென்னையிற் கணிதக் கல்விநிலையம் ஒன்றையும் தோற்றுவித்தார். ஆசிரியர் ஒருவர் மூட்டிய தீ, மாணவர் வழியே மற்றொரு தலைமுறைக்கும் சென்றது.

ரசீன் பாதிரியார் கையாண்ட கருவி யாது? கரும்பலகையும் புத்தகமுமே. "இதற்கு அப்பாலும் ஒன்று உண்டு, அங்கு நீயும் செல்லலாம்" என்னும் நம்பிக்கையை மாணவர்பால் வைத்தார். அதுவே அவர் செய்த புதுமை.

"அஃது ஆனர்ஸ் வகுப்பிற் சிலரே பயின்ற காலம், இன்று ஒரு வகுப்பில் அறுபதின்மர், எங்ஙனம் இயலும்?" என ஆசிரிய நண்பர் கேட்பர். நியாயமான கேள்வியே. அறுபதின்மரும் கணித மேதைகளாக வேண்டுவதில்லை. ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் விடை தெரியாத வினா ஒன்றோடு மல்லாடியிருத்தல் வேண்டும். நால்வர்க்கு ஒரு வினா என வகுத்தால், அறுபதின்மர்க்குப் பதினைந்து வினாக்களே. தன் ஊர் ஏரி எத்துணை ஆழம் தூர்ந்துள்ளது? சந்தைக்கு வரும் மணிலாக் கொட்டையில் ஈரம் எவ்வளவு? பாட்டி சொல்லும் சொற்களுள் அகராதியில் இல்லாதவை எவை? இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. ஆசிரியர் தமக்கும் விடை தெரியாது என ஒப்புக்கொள்ளும் துணிவே வேண்டும்.

முன்னாளில், "வினாத்தாள் சர்வகலாசாலையிலிருந்து வருகிறது, நாங்கள் என் செய்வோம்?" எனல் கூடும். 1978-இற் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, லயோலா, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியன தன்னாட்சி பெற்றன. பின்னர் மேலும் பல பெற்றன. அங்கெல்லாம் பாடத்தை வகுப்பதும் வினாத்தாள் எழுதுவதும் ஆசிரியர் கையிலேயே உள்ளன. உரிமை வந்த பின்னரும் பழைய வினாக்களையே எழுதுவோமாயின், குற்றம் மாணவருடையதன்று.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். ஆசிரியர் தூண்டும்வரை காத்திருத்தல் வேண்டா. பரீட்சைக்குப் படியுங்கள், நன்றாகவே படியுங்கள், உங்கள் வீட்டார் அதனை நம்பியிருக்கின்றனர். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரமாவது பரீட்சையில் வராத ஒன்றுக்கு ஒதுக்குங்கள்.

விடுமுறை கழிந்து நான் புறப்பட்ட அன்று, அனந்தபுரத்து இளைஞர் பேருந்து நிற்குமிடத்திற்கு வந்தார். கையில் ஒரு தாள். அதில் மாளிகையின் படம். குழாயும் நீர்நிலையும் கோடுகளாக வரையப்பட்டிருந்தன. "நீர்நிலை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று தெரிந்தால் கணக்கு முடிந்துவிடும் ஐயா, ஞாயிற்றுக்கிழமை போய் அளந்து பார்க்கப் போகிறேன்" என்றார். பரீட்சையில் வருமா என்று அன்று அவர் கேட்கவில்லை.