கோணல் மனையில் நேரான அறைகள்

மதுரையில் நான் வாங்கிய மனைக்கு முன்பக்கம் 34 அடி, பின்பக்கம் 20 அடி, நீளம் 48 அடி. மூன்று சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. முன்னே அகன்று பின்னே குறுகினால் அது சிம்மமுகமாம், குடியிருக்க ஆகாதாம். அப்படிச் சொல்லிச் சொல்லியே விலை இறங்கியிருந்தது.

முதலில் வந்த பொறியாளர் 20 அடி அகலத்துக்கு ஒரு செவ்வகம் போட்டார். மேற்கே, சாய்வு மதிலை ஒட்டி 336 சதுர அடி முக்கோணம் மிச்சம். அதைக் கார் நிறுத்த வைத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு மனம் ஆறவில்லை.

கோணல் மனையில் நாலு பக்கத்தை மட்டும் அளப்பது போதாது. அதே நாலு அளவில் மனை எப்படியும் சாயலாம். மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து, புலப்படத்தோடு ஒப்பிட்ட பிறகே மேஸ்திரி கயிறு கட்டினார்.

கட்டிலும் பீரோவும் செங்கோணத்தில் செய்தவை. ஆகவே படுக்கையறையும் சமையலறையும் கிழக்கு மதிலை ஒட்டிச் சதுரமாகவே இருக்கட்டும். சாய்வைத் தாங்க வேறு இடங்கள் உண்டு: மாடிப்படி, குளியலறை, துணி துவைக்கும் முற்றம். எங்கள் வீட்டில் இவை மேற்கே நின்று பிற்பகல் வெயிலை வாங்கிக்கொள்கின்றன. படுக்கையறைச் சுவர் சுடுவதில்லை. விதிப்படி விடவேண்டிய பக்கவெளியையும் சாய்வு மதிலை ஒட்டியே விட்டோம். அதன் அகன்ற முனையில் ஒரு வேம்பு நிற்கிறது.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பாறைச் சரிவிலேயே தன் வீட்டைக் கட்டிக்கொண்டார். இங்கோ, மதில் சாய்ந்திருக்கிறது என்பதற்காகவே நல்ல மனைகள் புதர் மண்டிக் கிடக்கின்றன.